ஒரு மூட்டை யூரியாவில் பயிருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?

டெல்டாவில் ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஏக்கர், ஒரே ரக நெல், ஒரே களிமண் என்று வைத்துக்கொள்வோம். உரமும் ஆள்கூலியும் ஒரே அளவு. அறுப்பில் ஒருவருக்கு 30 மூட்டை, இன்னொருவருக்கு 24 என்றால், இரண்டாமவரின் திறன் 80 சதவீதம். வேளாண் பொருளியலில் சிறு விவசாயியின் திறனை ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். 1957இல் ஃபாரெல் என்ற பொருளியலாளர் காட்டிய வழி இது. ஆராய்ச்சிப் பண்ணையோடு ஒப்பிடாமல், அதே வசதியில் நன்றாக எடுக்கும் பக்கத்து வயல்காரரோடு ஒப்பிடுவதால் எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

சரி, அந்த ஆறு மூட்டை எங்கே போனது? எலி, பூச்சி, நடவு தள்ளிப்போனது என்று எதுவாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, மேலுரம் (நட்ட பிறகு, வளரும் பயிருக்குப் போடும் உரம்) போட்ட அன்று வயல் எப்படி இருந்தது என்பதைத்தான்.

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பொதுவாக 30லிருந்து 40 சதவீதம்தான் பயிருக்குள் போகிறது. தண்ணீர் நிற்கும்போது யூரியாவை வீசினால், அது கரைந்து சில நாளில் அம்மோனியமாகிறது. பகல் வெயிலில் அந்தத் தண்ணீரிலுள்ள பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, தண்ணீரின் காரத்தன்மை ஏறி, உச்சிவெயிலில் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கியதிலும் ஒரு பகுதி நைட்ரேட்டாகி, காற்றில்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்களால் நைட்ரஜனாக மாறிக் காற்றுக்கே திரும்பிவிடும். அதனால்தான் தண்ணீரை வடித்துவிட்டுச் சேற்றில் உரம் போட்டு, அப்புறம் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள்.

எப்போது போடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை, இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். நட்டு இரண்டு வாரத்திலிருந்து, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், இலைமேல் உங்கள் நிழல் விழும்படி நின்று, மேலே முழுதாக விரிந்த இலையைப் பறிக்காமல் அட்டைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு, நான்காம் கட்டத்தைவிட வெளுத்திருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் கட்டம்) மேலுரம் போடலாம். இல்லையென்றால் அந்த வாரம் வேண்டாம். தழைச்சத்து கூடினால் பயிர் கருகருவென்று வளரும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும், கதிர் கனத்ததும் சாயும்.

இதையெல்லாம் சொன்னால், விவசாயிகள் வீணடிக்கிறார்கள் என்று சிலர் உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ் 1964லேயே, ஏழை விவசாயி கையிலிருப்பதைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்கிறார் என்று வாதிட்டார். மானியத்தில் யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் கீழே, பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. பயிர் வெளுத்தால் மனம் பதறுகிறவர் எதைக் கூடப் போடுவார்? அந்த விலையில் அவர் செய்வது சரியான கணக்குதான்.

தண்ணீரிலும் இதே கதை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி நீர் கட்ட, ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து வைக்கலாம். உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. போர்வெல் வைத்திருப்பவருக்கு இது எளிது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்கு அதில் தண்ணீர் வருவதே நிச்சயமில்லை, வந்த அன்று வரப்பு தளும்பத் தேக்கத்தான் செய்வார். அடுத்த முறை என்றைக்கு என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவரால் தைரியமாக வயலைக் காயவிட முடியும்.