உப்புப் போட்டால் ஐஸ் ஏன் இன்னும் குளிர்கிறது?

அட்லாண்டாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஃபுளோரிடா போய், டிஸ்னி வேர்ல்டுக்குள்ளேயே இருக்கும் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் கூடாரம் போட்டுத் தங்கினார்களாம். 1971 நவம்பரில் திறந்த இடம் அது. எழுநூறு ஏக்கருக்கு மேல் பைன், சைப்ரஸ் மரங்கள், கூடார மனைகளில் கரி அடுப்பு, ஏரியில் படகேறினால் மேஜிக் கிங்டம். பகலில் பூங்கா, இரவில் கூடாரத்தில் சமையல் என்று திட்டம். பிள்ளைகளோ, பூங்காவில் பார்த்ததையெல்லாம் கூடாரத்திலும் கேட்டார்கள். வான்கோழிக் கால், சுரோஸ், கடைசியாக டோல் விப்.

டோல் விப் தெரியாதவர்களுக்கு: அன்னாசிச் சுவையில் சுழற்றி வைத்துத் தரும் சாஃப்டி. 1980களிலிருந்து டிஸ்னி பூங்காக்களில் விற்கிறது. அதற்கென்றே வரிசையில் நிற்கும் கூட்டம் உண்டு. நம் வாசகியிடம் மிக்ஸியும் இல்லை, ஃப்ரீசரும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கப் பாட்டி ஒருவர் வழி சொன்னார். அன்னாசிக் கூழை ஒரு ஜிப்லாக் பையில் கட்டு, அதைப் பெரிய பை ஒன்றில் போடு, சுற்றி ஐஸ் கட்டியும் கல்லுப்பும் கொட்டு, துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் குலுக்கு. அப்படியே செய்தார்கள், உறைந்தது. வாசகியின் கேள்வி இதுதான்: "பனிக்காலத்தில் சாலையில் ஐஸ் உருகுவதற்குத்தானே உப்புக் கொட்டுகிறார்கள்? உருகினால் குளிர் குறையத்தானே வேண்டும்? இங்கே எப்படிக் கூடியது?"

அருமையான கேள்வி. இதற்காகவே வான்கோழிக் காலை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன். அந்த இறைச்சி வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருப்பது வேகாததால் அல்ல. முன்கூட்டியே நைட்ரைட் கலந்த உப்பு நீரில் ஊறவைப்பதால், தசையிலுள்ள மையோகுளோபின் என்ற நிறமிப் புரதம் அந்த நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டதா என்று வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். சரி, பைக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். உப்பில்லாத ஐஸால் அந்தக் கூழை உறைய வைக்கவே முடியாது, எத்தனை கிலோ கொட்டினாலும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் 0 டிகிரியில் நிற்கும். அன்னாசிக் கூழில் சர்க்கரை இருப்பதால் அது உறையத் தொடங்குவதே 0க்குக் கீழே, மைனஸ் ஒன்றிரண்டில். 0 டிகிரியில் இருக்கும் ஒன்று, பக்கத்தில் இருப்பதை மைனஸுக்குத் தள்ள முடியாது. ஆகவே ஐஸையே மைனஸுக்கு இறக்க வேண்டும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். ஐஸ் கட்டியின் மேற்பரப்பை ஒரு சினிமா தியேட்டரின் கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் மூலக்கூறுகள் வரிசையாக, பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கின்றன. அதுதான் ஐஸ். வெளியே அவை முண்டியடித்துத் திரிகின்றன, அது தண்ணீர். கதவு வழியே எந்நேரமும் சில வெளியே வருகின்றன, சில உள்ளே போகின்றன. சரியாக 0 டிகிரியில், வருவதும் போவதும் சமம். அதனால்தான் அந்த வெப்பநிலையில் ஐஸும் தண்ணீரும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்க முடிகிறது.

இப்போது உப்பைக் கொட்டுகிறோம். அது தண்ணீரில் கரைந்து சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிந்து கதவருகே கூட்டம் போடுகிறது. இவர்களிடம் டிக்கெட் கிடையாது. ஐஸின் படிக வரிசையில் இவர்களுக்கு இருக்கை இல்லை. ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். விளைவு, உள்ளே போகும் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகிறது. வெளியே வருபவர்களுக்கோ எந்தத் தடையும் இல்லை, உள்ளே உப்பு இல்லையே. வருவது அதிகம், போவது குறைவு. ஐஸ் உருகுகிறது. (எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன். வெப்ப இயக்கவியல் படித்தவர்கள் என்ட்ரோபியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டாம்.)

வாசகி தடுக்கி விழுந்த இடம் இங்கேதான். இருக்கையை விட்டு எழுந்து வர, பக்கத்தில் உள்ளவரின் கையை விடுவித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல். சாலையில் அந்த ஆற்றலைத் தரையும் காற்றும் வெயிலும் கொடுக்கின்றன. அதனால் நம் கண்ணுக்கு உருகுவது மட்டும் தெரிகிறது. துண்டில் சுற்றிய பைக்குள் யார் கொடுப்பது? வெளியுலகம் அடைபட்டுக் கிடக்கிறது. எனவே அந்த 334 ஜூலை ஐஸே தன்னிடமிருந்தும், சுற்றியிருக்கும் உப்பு நீரிடமிருந்தும், நடுவிலிருக்கும் அன்னாசிக் கூழிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கப் பிடுங்க எல்லாம் குளிர்கின்றன. குளிரக் குளிர வெளியே வருபவர்களின் வேகமும் குறைகிறது. ஏதோ ஒரு வெப்பநிலையில் வருவதும் போவதும் மறுபடி சமமாகும். உப்பு கூடுதலாக இருந்தால் அந்தச் சமநிலை இன்னும் கீழே அமையும். சாதா உப்புக்கு இந்த விளையாட்டின் அடித்தளம் மைனஸ் 21.1 டிகிரி, கரைசலில் எடைக்கு 23 சதவீதம் உப்பு இருக்கும்போது. அதற்குமேல் கொட்டும் உப்பு வீண். சாலையில் குளிர் மைனஸ் 21க்கும் கீழே போய்விட்டால் இதே உப்பு எதையும் உருக்காது.

ஆக, உருகுவதால் குளிர் குறைவதில்லை. உருகுவதுதான் குளிர்விக்கிறது.

வாசகி வாழும் அமெரிக்காவில் இந்த மாதிரிக் கலவை தினமும் வானிலை அறிக்கையில் வருகிறது. 1724இல் ஃபாரன்ஹீட் தன் அளவுகோலை விளக்கியபோது, ஐஸ், தண்ணீர், நவச்சாரம் (அதுவும் ஒரு வகை உப்புதான்) மூன்றும் சேர்ந்த கலவையின் குளிரைத்தான் 0 என்று வைத்தார். நம் கணக்கில் மைனஸ் 18. 1843இல் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார், அதிலும் சுற்றி ஐஸும் உப்பும்தான். நம்மூரில் ராத்திரி மணியடித்து வரும் குல்ஃபிக்காரரின் பானைக்குள் கையை விட்டவர்களுக்கும் இது தெரியும்.

உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டினால் என்ன? நடக்கும், ஆனால் கட்டுப்படியாகாது. கதவருகே நிற்பது யார் என்பது முக்கியமில்லை, எத்தனை பேர் என்பதே கணக்கு. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரை கரைத்தால் உறைநிலை சுமார் 1.9 டிகிரி இறங்கும். 58 கிராம் உப்பே 3.4 டிகிரி இறக்கிவிடும். உப்புத் துகள் சிறியது, அதோடு ஒவ்வொன்றும் இரண்டாக உடைகிறது.

அந்த "இரண்டாக" என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1880களில் பிரான்ஸின் கிரெனோபிளில் ரவூல் என்பவர் கரைசல் கரைசலாக எடுத்து, எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று பொறுமையாக அளந்துகொண்டிருந்தார். சர்க்கரை கணக்கோடு ஒத்துப்போனது. உப்பு மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு இறக்கியது. அதே காலத்தில் ஸ்வீடனில் அரீனியஸ் என்ற இளைஞர், உப்பு போன்றவை தண்ணீரில் மின்னூட்டம் கொண்ட துண்டுகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். 1884இல் அவருடைய முனைவர் ஆய்வேட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் ஏதோ பாஸ் என்ற அளவுக்குத்தான் மதிப்பெண் போட்டது. 1903இல் அதே வேலைக்கு நோபல் பரிசு வந்தது. அவர் பக்கம் நின்ற சான்றுகளில் ஒன்று இந்த உறைநிலைக் கணக்கு. இன்று ஒருவர் "உப்புத் தண்ணீர் எப்போது உறைகிறது என்று அளக்கப் போகிறேன்" என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், சமூகப் பயன் என்ன என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறேன், வயிற்றெரிச்சல்தான்.

பைக்குத் திரும்பினால் இன்னொரு அழகு. உள்பையிலும் இதே கதவுக் கதைதான் நடக்கிறது. கூழிலுள்ள தண்ணீர் கொஞ்சம் உறைந்ததும் மீதித் தண்ணீரில் சர்க்கரை அடர்கிறது. அடர்த்தி கூடினால் வாசல் நெரிசலும் கூடும், அந்த மீதி உறைய இன்னும் அதிகக் குளிர் தேவைப்படும். இப்படிக் கொஞ்சம் தண்ணீர் கடைசிவரை பாகாகவே தங்கிவிடுகிறது. அந்தப் பாகில் மிதக்கும் குட்டிக் குட்டி ஐஸ் படிகங்களைத்தான் நாக்கு "சாஃப்டி" என்கிறது. சர்க்கரையைக் குறைத்தால் கல் மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். குலுக்குவதும் இதற்காகத்தான், படிகங்கள் பெரிதாக வளராமல் பொடியாகவே இருக்க. மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றுக்கு வெளியே உப்பு குளிரை உண்டாக்குகிறது, உள்ளே சர்க்கரை அதே வித்தையால் மென்மையைக் காப்பாற்றுகிறது.

வாசகி ஒரு பின்குறிப்பும் எழுதியிருக்கிறார். பாதியைப் பால் சேர்த்துச் செய்தாராம், கசந்ததாம். அது அன்னாசியிலுள்ள புரோமிலைன் என்ற நொதியின் வேலை. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும், பாலின் புரதம் உடைந்தால் சில துண்டுகள் கசக்கும். பச்சை அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு அரிப்பதற்கும் இதற்குப் பங்குண்டு. டப்பா அன்னாசியைச் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள், அதனால் நொதி செத்திருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றினாலும் தப்பிக்கலாம்.

அப்புறம், கூட வந்திருந்த மாமியார், கர்ப்பமாக இருந்த நாத்தனாரை அந்தப் பையைத் தொடவே விடவில்லையாம். தட்டில் வைத்துச் சாப்பிடும் அளவு அன்னாசியால் கரு கலையும் என்பதற்குச் சான்று கிடையாது. நொதியில் பெரும்பகுதி வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு அடுத்த முறை முதல் கிண்ணத்தைக் கொடுங்கள்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு என் அளவு: 400 கிராம் கூழுக்கு ஒன்றரைக் கிலோ ஐஸ், அரைக் கிலோ கல்லுப்பு. கூழை முன்கூட்டியே ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிர வையுங்கள். ஃபுளோரிடா வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் கூழை 0க்குக் கொண்டுவரவே, உறைய வைக்கத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் போய்விடும். வெறும் கையால் பிடிக்காதீர்கள், மைனஸ் 15ஐ நெருங்கும் பை தோலைப் புண்ணாக்கிவிடும். உள்பையை இரட்டையாகப் போடுங்கள். முதல் முறை நான் ஒற்றைப் பையோடு நிறுத்தினேன், ஜிப் ஓரத்தில் உப்புநீர் கசிந்து, அரை மணி நேரம் குலுக்கியும் உறையாத உவர்ப்பு அன்னாசி ரசம்தான் கிடைத்தது. திறப்பதற்கு முன் உள்பையின் வாயை நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிவிடுங்கள்.