மண்டபத்தில் வைத்தால் அதுவும் கைதுதான்

ஆர்ப்பாட்டத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கோஷம் போட ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, போலீஸ் வேன் வந்து நிற்கும். ஏற்றிக்கொண்டு போய் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வரும். ஒரு காவலர் நோட்டில் பெயர், அப்பா பெயர், முகவரி, செல் நம்பர் எழுதிக்கொள்வார். சாயங்காலம் ஆறு மணிக்குக் "கிளம்புங்க" என்பார்கள். அத்தோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பல நேரம் முடிவதில்லை. அந்த நோட்டில் இருந்த பெயர்கள் எஃப்.ஐ.ஆரில் ஏறியிருப்பது, பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போலீஸ் விசாரணை வரும்போதுதான் தெரியவரும்.

முதலில் அனுமதி விஷயம். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19(1)(b) பிரிவு தரும் உரிமை. பொது ஒழுங்கு, நாட்டின் ஒருமைப்பாடு ஆகிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அவ்வளவுதான். சென்னையில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின்படி 5 நாள் முன்பே மனு கொடுக்கச் சொல்கிறார்கள். மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30(2). இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பதைக் கவனியுங்கள். பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், ஒட்டுமொத்தமாக மறுக்க முடியாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020-இல் ஷாஹீன் பாக் வழக்கில் (குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் நடந்த சாலை மறியல்), சாலையைக் காலவரையின்றி மறித்து உட்காரக் கூடாது என்றும் சொன்னது. அதையும் மறக்க வேண்டாம்.

மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். எங்கள் சங்கத்துக்கு ஒரு முறை, மறுநாள் காலை கூட்டம் என்றால் முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மறுப்புக் கடிதம் வந்தது. அந்நேரத்தில் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? ஐந்து நாள் போதும் என்று இருக்காமல், பத்துப் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட அவகாசம் கிடைக்கும்.

இப்போது '144' என்று நாம் சொல்லும் தடையுத்தரவு, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 163-வது பிரிவு. சாதாரணமாக 2 மாதத்துக்கு மேல் நீடிக்காது. உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், வெளியிடப்பட வேண்டும், நியாயமான கருத்து வெளிப்பாட்டை அமுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

சரி, வேனில் ஏற்றியாகிவிட்டது. "இது கைது இல்லை, சும்மா உட்காருங்க" என்பார்கள். நம் இஷ்டத்துக்கு எழுந்து வெளியே போக முடியாதென்றால் அது காவல்தான், மண்டபமாக இருந்தாலும் சரி. வேனில் ஏற்றிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும், இல்லையென்றால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். விசாரிக்கும்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழல் இருக்க வேண்டும். அப்போதும் பெண் காவல் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம் அந்த எஃப்.ஐ.ஆர். வழக்கமாகப் போடுவது இரண்டு பிரிவு: சட்டவிரோதமாகக் கூடியது (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.-இல் 189(2)), அரசு ஊழியரின் உத்தரவை மீறியது (பழைய 188, இப்போது 223). இரண்டாவதில் ஒரு பிடி இருக்கிறது. உத்தரவு போட்ட அதிகாரியோ, அவருக்கு மேலுள்ளவரோ, அந்த அதிகாரி அதிகாரம் கொடுத்த வேறு அரசு ஊழியரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியும். 188-க்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் எண்கள் மாறினாலும் எழுத்துப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை பி.என்.எஸ்.எஸ். 215-இல் அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரைத் தேடிப் பார்க்கலாம். பெயர் இருந்தால் ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம்.

இதற்கெல்லாம் மேலே குண்டர் சட்டம் (1982-இன் 14-வது சட்டம்). விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். 2017 மே மாதம் மெரினாவில் ஈழத் தமிழர் நினைவேந்தலுக்குப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீது இந்தச் சட்டத்தைப் போட்டார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்தாகும் வரை உள்ளே கழித்த மாதங்களை யார் திருப்பித் தருவது? இதில் அடைக்கப்பட்டால் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை எதிர்த்து உடனே அரசுக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் (அடைத்தது சரியா என்று பார்க்கும் குழு) மனு அனுப்புங்கள். மனுவைப் பரிசீலிக்கத் தாமதித்ததற்காகவே பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவி எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. மண்டபத்தில் செல்போனை வாங்கி வைத்துவிடலாம். அதனால் இந்த எண்ணையும் வீட்டில் ஒருவர் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.