மலத்தில் எங்கே நீர்க்கட்டி?

அத்தையின் மலப் பரிசோதனை அறிக்கையில் தமிழில் ஒரு வரி: ‘என்டமீபா கோலை நீர்க்கட்டிகள் காணப்பட்டன.’ என்டமீபா கோலை என்பது குடலில் வாழும், தீங்கில்லாத ஓரணு உயிர்; அமீபாவில் ஒரு வகை. “மலத்துல எப்படிடா கட்டி வரும்? ஆபரேஷன் பண்ணணுமா?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. அத்தை அறிந்த நீர்க்கட்டி அதுதான். எனக்கோ இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

நீர்க்கட்டி என்று இங்கே பெயர்த்திருப்பது சிஸ்ட் (cyst) என்ற ஆங்கிலச் சொல்லை. அதற்குக் கிரேக்க மூலத்தில் பை என்று பொருள். சினைப்பையில் நீர் கோத்த பைக்கும் அமீபாவின் ஓட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல். அது அவர்கள் பாடு, நமக்கென்ன கட்டாயம்?

கட்டி என்றால் உடம்பில் கிளம்புவது. இதுவோ அமீபா தனக்குத் தானே கட்டிக்கொள்வது. பெருங்குடலில் பாக்டீரியாவைத் தின்று, இரண்டிரண்டாகப் பிளந்து பெருகும் அமீபா, மலம் நீர் வற்றி இறுகும் இடத்தில் உருண்டு திரண்டு, கைட்டின் (பூச்சிகளின் ஓட்டில் இருக்கும் கெட்டிப் பொருள்) கலந்த சுவரை எழுப்பிக்கொள்கிறது. நீர் வற்றும் இடத்தில் உண்டாவதற்கு நீர்க்கட்டி என்று பெயர்! உள்ளே உட்கரு பிளந்து பிளந்து 8 ஆகிறது. வெளியேறிய கூடு அசுத்த நீரோடு இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், சிறுகுடலில் சுவர் திறந்து குட்டி அமீபாக்கள் வருகின்றன. குடலுக்கு ஒரு கீறலும் இல்லை. 1913இல் மணிலாவில் வாக்கர், செல்லர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கைதிகளுக்கே இதை ஊட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் சீதபேதி வரவில்லை.

இதன் பங்காளியான இன்னொரு அமீபா, என்டமீபா ஹிஸ்டோலிடிகா (முதிர்ந்த கூட்டில் உட்கரு 4தான்) கல்லீரலில் நிஜமாகவே சீழ்க்கட்டி வரவழைக்கும். கட்டி என்ற சொல்லுக்கு வேலை அங்கே. சாதுவான அமீபாவுக்கும் அதையே ஒட்டினால் படிப்பவர் எதை நினைத்துப் பயப்படுவார்? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளைப் பிய்த்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைத்துவிட்டோம்.

சிலர் ‘முட்டை’ என்கிறார்கள். முட்டை என்றால் இட்டவர் வேண்டாமா? உள்ளே இருப்பது அதே அமீபா.

உறைகூடு என்பேன். உறை என்றால் மேலே மூடியிருப்பது. உறைதல் என்றால் தங்குதல். பட்டுப்புழுவின் கூட்டைத் தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். பனியாக உறைந்தது என்று எண்ணிவிடுவார்களே என்றார் ஒரு நண்பர். எண்ணட்டும், அசையாமல்தானே கிடக்கிறது! அதுவும் பிடிக்கவில்லையா, சரி, சிஸ்ட் என்றே எழுதுங்கள்.

டாக்டர் அத்தைக்கு மருந்து எழுதவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். நான் உறைகூட்டை விளக்கி முடித்ததும் அத்தை கேட்டார்: “அப்ப கூடுன்னே போட்டிருக்கலாமேடா?”