பீங்கான்: சோழியும் கிண்ணமும்

‘நீல-வெள்ளை போர்சலின் தேநீர்க் கலங்கள், இங்கிலாந்து, 18ஆம் நூற்றாண்டு’ என்று பழம்பொருள் ஏலப் பட்டியலில் இருந்தால், போர்சலினைத் தமிழில் எப்படிச் சொல்வது? பீங்கான்தான், வேறென்ன. ஆனால் இரண்டு சொற்களும் ஒரே அளவுச் சட்டை அல்ல.

போர்சலினின் வேர் இத்தாலியச் சொல்லான போர்செல்லானா. அது சோழியின் பெயர். போர்செல்லா என்றால் பெண் பன்றிக்குட்டி. சோழியின் வளைந்த முதுகைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். சீனக் கலங்களின் வெண்மையும் பளபளப்பும் சோழியைப் போல இருந்ததால், மார்கோ போலோ காலத்திலேயே அந்தப் பெயர் அவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. தாயம் உருட்டும் சோழியை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள், பொருத்தம் புரியும்.

பீங்கான் பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே ‘பிங்கான்’ என்றால் கிண்ணம். அதுவே அரபியில் ஃபிஞ்சான், காப்பி குடிக்கும் சின்னக் கோப்பை. மலாயிலும் சிங்களத்திலும் அது தட்டு. இலங்கைத் தமிழர் வீட்டிலும் சோறு சாப்பிடும் தட்டைப் பீங்கான் என்பதுண்டு. ஈரானில் அடியில் துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை வைத்து வயலுக்கு நீர் பங்கிட்டார்கள். அந்தக் கிண்ணத்துக்கும் இதே பெயர்தான். நம் நாழிகை வட்டிலுக்கு ஒரு தூரத்துச் சொந்தம்!

ஆக, ஆங்கிலச் சொல் மேனியைப் பார்த்து வந்தது, நம் சொல் பாத்திரத்தைப் பார்த்து வந்தது. அதனால்தான் ஊறுகாய் ஜாடி முதல் வாஷ்பேசின் வரை எல்லாமே நமக்குப் பீங்கான். பழம்பொருள் சேகரிப்பவர்களோ ஒளி கசியும் கலத்தைத்தான் போர்சலின் என்பார்கள்.

அதை இங்கிலாந்தில் 1740களில்தான் செய்யத் தொடங்கினார்கள். லண்டனை ஒட்டிய ‘போ’ (Bow) என்ற ஊரின் தொழிற்சாலை, சீனத் துறைமுக நகரமான கேன்டனை நினைத்து, தனக்கு ‘புதிய கேன்டன்’ என்றே பெயர் வைத்துக்கொண்டது. சீனாவின் மேல் அவ்வளவு ஆசை. 1751இல் ஊஸ்டர் நகரில் தொடங்கிய ஆலை, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைத்த மாக்கல்லைக் கலவையில் சேர்த்தது. ஆமாம், நம்மூரில் கல்சட்டி கடைகிற அதே வகைக் கல். கொதிநீர் ஊற்றினாலும் கோப்பை விரிசல் விடவில்லை. தேநீருக்கு அதுதானே வேண்டும்! நீலம் கோபால்ட்டிலிருந்து வந்தது. கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் தீட்டினாலும் சூளைச் சூட்டைத் தாங்கும்.

அந்தக் கால ஊஸ்டர் கிண்ணங்கள் பலவற்றுக்குச் சீன வழக்கப்படி கைப்பிடியே கிடையாது. கவிழ்த்தால் அடியில் பல நேரம் ஒரு நீலப் பிறை தெரியும். கையால் தீட்டியதென்றால் வெறும் பிறை, அச்சுப் படம் ஒற்றியதென்றால் கோடு நிரப்பிய பிறை. வெளிச்சத்தில் பிடித்தால் லேசாகப் பச்சை தட்டும்.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? புதுச்சொல் உருவாக்குவது வீண்வேலை. பொதுவாகப் பீங்கான் என்றே எழுதலாம். வேறுபடுத்த வேண்டிய இடத்தில் ‘ஒளி கசியும் பீங்கான்’ என்றால் போதும். நீல வில்லோ மரமும் பாலமும் போட்ட பழைய தட்டுகளில் பெரும்பாலானவை ஒளி புகாத வெண்சுடுமண். விற்பவர் போர்சலின் என்றால் பின்னால் செல்பேசி டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் இருட்டாகவே இருந்தால், அது பீங்கான்தான், போர்சலின் அல்ல.