ஏற்றுமதி டாலரில் நாட்டில் தங்குவது எவ்வளவு?

தென்கொரியாவின் ஆண்டு ஏற்றுமதி 1964-ல் 10 கோடி டாலரைத் தாண்டியது. 1977-ல் 1,000 கோடி. ஏற்றுமதி பெருகினால் நாடு வளரும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் ஜி.டி.பி. கணக்கில் ஏற்றுமதியைக் கூட்டும் கையோடு இறக்குமதியைக் கழித்துவிடுவார்கள். 100 டாலர் சட்டையில் துணி, நூல், பொத்தான் எல்லாம் சேர்ந்து 60 டாலருக்கு வெளிநாட்டுச் சரக்கு என்றால், கூலி, லாபம், வாடகை என்று உள்ளே தங்குவது 40 டாலர்தான்.

கொரியா விற்ற பிளைவுட்டுக்கு மரம் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. விக் அப்படியல்ல; தொடக்கத்தில் தலைமுடியும் உள்ளூர், கோர்த்த கைகளும் உள்ளூர். சீன முடியில் செய்த விக்குகளுக்கு 1965-ல் அமெரிக்கா தடை போட்டது கொரியாவுக்கு வாய்ப்பானது. 1970 வாக்கில் மொத்த ஏற்றுமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விக்தான்.

உள்ளே தங்கும் பங்கைக் கூட்டுவது எப்படி? 1964 மே மாதம் ஒரு டாலருக்கு 130 வோன் என்றிருந்ததை 255 ஆக்கினார்கள்; வெளிநாட்டுச் சரக்கு வோன் கணக்கில் விலை கூடியது. அது தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது உள்நாட்டு எல்.சி. சரக்கு அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக, வாங்குபவரின் வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்).

ஏற்றுமதியாளர் வாங்கும் வெளிநாட்டு நூலுக்கு மட்டும் சுங்க வரி விலக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? வரியும் வட்டியும் ஏறிய உள்ளூர் நூல் விலை போகாது, நூற்பாலை படுத்துவிடும். பல நாடுகள் சறுக்கிய இடம் இது. கொரியாவில், வெளிநாட்டு எல்.சி.யை வங்கியில் காட்டிய சட்டைக்காரர், அதை வைத்தே நூற்பாலையின் பெயரில் இன்னொரு எல்.சி. திறக்கலாம். நூற்பாலைக்கும் அதே வரிச்சலுகை, அதே மலிவுக் கடன். 1965 செப்டம்பரில் வட்டியை உயர்த்தியபோது சாதாரணக் கடனுக்கு 26 சதவீதம், ஏற்றுமதிக் கடனுக்கு 6.5. சலுகை சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை இறங்கியது.

இவ்வளவு வித்தியாசம் இருந்தால் தில்லுமுல்லு வராமல் இருக்குமா? மலிவுக் கடன் வெளிவட்டிக்குப் போனது. உற்பத்தியில் வீணாகும் 'கழிவு' என்ற கணக்கில் தேவைக்கு மேல் வரியின்றி வந்த மூலப்பொருள் உள்ளூர்ச் சந்தையில் நல்ல விலைக்குப் போனது. அரசு இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை; அதுவும் ஒரு மறைமுக மானியம்தான்.

ஏற்றுமதியால் வளர்ச்சியா, வளர்ச்சியால் ஏற்றுமதியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கொரிய ஏற்றுமதி ஜி.டி.பி.யில் மிகச் சிறிய பங்கு. அது தனியாக நாட்டை இழுத்திருக்க முடியாது, முந்தியது முதலீடுதான் என்பது பொருளியலாளர் டேனி ராட்ரிக்கின் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. நூற்பு இயந்திரங்களைக் கொரியா அன்று வெளியிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. ஆலை கட்ட வோன் போதும். இயந்திரத்துக்கு டாலர் வேண்டும். அமெரிக்க உதவி குறைந்துகொண்டிருந்த காலத்தில், கடன் போக அந்த டாலருக்கு இருந்த வழி ஏற்றுமதி.