திட்டத்தில் இருக்கும் இடமும் மின்முனை நிற்கும் இடமும்

வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று அறிய மூளைக்குள் பதிவு மின்முனைகள் செலுத்தப்பட்ட ஒருவரின் அறிக்கை அண்மையில் என்னிடம் வந்தது. ஒரு மின்முனையின் ஆழமான இரண்டு தொடுபுள்ளிகளும் (மூளையின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்யும் உலோகப் பகுதிகள்) நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. செலுத்திய பின் எடுத்த சி.டி. படத்தை அவருடைய எம்.ஆர்.ஐ. மீது பொருத்திப் பார்த்தால், இரண்டும் பக்கத்திலுள்ள மூளைநீர் அறைக்குள் இருந்தன. எழுதியவர், மின்முனை எங்கே செல்லவேண்டும் என்று அறுவைக்கு முன் வரைந்த திட்டத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார். இந்தத் தவறை நான் பலமுறை கண்டுவிட்டேன்.

மின்முனையைச் செலுத்த ரோபோ துல்லியமாக வழிகாட்டும்போது திட்டமே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. ரோபோ காட்டுவது மண்டையோட்டில் துளையிடும் இடத்தையும் திசையையும்தான். அதற்கு அப்பால் செல்வது 0.8 மி.மீ. தடிமனுள்ள, வளையக்கூடிய கம்பி. பொதுவாகத் தொடுபுள்ளி ஒவ்வொன்றும் 2 மி.மீ. நீளம், நடுவுக்கு நடு 3.5 மி.மீ. தொலைவு என்றிருக்கையில், 3 மி.மீ. விலகினாலே நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பகுதியில் இருக்கவேண்டியது, நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதிக்குப் போய்விடும். திட்டம் நாம் விரும்பிய இடத்தைச் சொல்கிறது. வலிப்பு தொடங்கும் பகுதியை வெட்டி நீக்கப்போவதோ உண்மையில் பதிவான இடத்தை வைத்து.

மண்டையோட்டைத் திறந்து மூளையின் மேற்பரப்பில் விரிக்கும் மின்முனைத் தகடுகளில் சிக்கல் வேறு. திறந்ததும் மூளை உள்வாங்கிவிடுவதால், பழைய எம்.ஆர்.ஐ. மீது பொருத்தும்போது தொடுபுள்ளிகள் மூளைக்குள் புதைந்ததுபோலத் தெரியும். அவற்றை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து திருத்தாமல் இடப்பெயர் எழுதக்கூடாது. மென்பொருள் பொதுவான மூளை வரைபடத்தை வைத்துத் தானாகத் தரும் இடப்பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். தலராக்கும் தூர்னூவும் 1988இல் வெளியிட்ட புகழ்பெற்ற மூளை வரைபடமே 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையைக் கொண்டு வரையப்பட்டது. உங்கள் நோயாளியின் மூளை அதுவன்று.

சி.டி. படத்தை 1 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளில், தலை முழுவதும் எடுங்கள். பொருத்தம் சரியா என்பதை மூளைநீர் அறைகளின் விளிம்பிலும் மண்டையோட்டிலும் கண்ணால் சரிபாருங்கள். இடம் வலம் மாறவில்லை என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்யுங்கள். மின்முனை உள்ளிருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் தயாரிப்பாளர் விதித்த நிபந்தனைகளை மீறாதீர்கள். கம்பி சூடேறி மூளைத்திசுவைச் சுட்டுவிடக்கூடும்.

இளம் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அறிக்கையில் கையெழுத்திடும் முன் படத்தைத் திறந்து, நுனியிலிருந்து ஒவ்வொரு தொடுபுள்ளியையும் நீங்களே எண்ணிப் பாருங்கள்.