வாரம் ஒருமுறை, ஐம்பது நிமிடம்: மனக்காயத்துக்கு இது போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் மனநல சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கார் விபத்தில் பிழைத்தவர். பின் இருக்கையில் இருந்த நண்பர் பிழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் வருவார், ஐம்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் அந்த வாரம் எப்படிப் போனது, தூக்கம் வந்ததா, வேலைக்குப் போனாரா என்ற பேச்சிலேயே கழியும். அப்புறம் மெல்ல விபத்துக்குப் பக்கத்தில் போவோம். குரல் தாழும், வலது கை நாற்காலியின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கும், சரி, இப்போதுதான் உள்ளே நுழைகிறோம் என்று எனக்குத் தெரியும்போது சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். அந்த நிலையில் ஒருவரை எழுப்பித் தெருவில் விட முடியாது. ஆகவே கடைசிப் பத்து நிமிடம், திறந்ததை மூடிக் கட்டி அனுப்புவதற்கே போய்விடும்.

மூன்றாவது மாதம் வருவதை நிறுத்திவிட்டார். போனில் கேட்டேன். "உங்க மேல குறை ஒண்ணும் இல்ல மேடம். திங்கட்கிழமை ஆனாலே வயித்தைக் கலக்குது. நாளைக்கு மறுபடி அங்க போகணுமேன்னு."

அவருக்கு மனத்திடம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பயங்கரமான சம்பவத்துக்குப் பிறகு ஆறாமல் தங்கிவிடும் மனக்காயம், பி.டி.எஸ்.டி. என்று நாங்கள் சொல்கிற இந்த நோயின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்றே தவிர்ப்பதுதான். நடந்ததை நினைவூட்டும் இடம், சத்தம், மனிதர்கள், பேச்சு எல்லாவற்றிலிருந்தும் விலகி ஓடுவது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்கூட முழுசாக எங்களுக்குக் கிடைப்பதில்லை, மிச்சமெல்லாம் தவிர்ப்புக்குத்தான் கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தளர்ந்த முடிச்சை அடுத்த திங்களுக்குள் அது மறுபடி இறுக்கிவிடுகிறது.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது, எங்கள் தொழிலில் பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவது. தெரபிஸ்டும் தவிர்ப்பார். கடிகாரம் நாற்பதைத் தொடும்போது எனக்கும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்ததுண்டு.

வாரம் ஒருமுறை என்பது ஏதோ வேதவாக்கு மாதிரி நிலைத்துவிட்டது. பேசிக் குணப்படுத்துகிற முறையைத் தொடங்கிவைத்த ஃபிராய்டே தன்னிடம் வந்தவர்களை ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாகத் தினமும் பார்த்தவர். வாரக் கணக்கு பிறகு வந்தது. அதற்கு ஆலோசகரின் நேர அட்டவணையும் வருகிறவரின் வசதியும் ஒரு பெரிய காரணம். பல பிரச்சினைகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. உறவுச் சிக்கல், நாள்பட்ட கவலை, துக்கம் போன்றவற்றில் செஷனுக்கும் செஷனுக்கும் நடுவே வாழ்ந்து பார்ப்பதே சிகிச்சையின் பாதி. ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் மாட்டிக்கொண்ட மனத்துக்கு இந்த இடைவெளி எப்போதும் உதவுவதில்லை.

அதற்குத்தான் தீவிர முறை, ஆங்கிலத்திலேயே சொன்னால் இன்டென்சிவ் தெரபி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், புதிய மருந்தோ புதிய தத்துவமோ இதில் இல்லை. ஏற்கெனவே நன்றாக ஆராயப்பட்ட அதே சிகிச்சையை, மூன்று மாதத்தில் பரப்பித் தருவதற்குப் பதிலாக ஒன்று இரண்டு வாரத்துக்குள் நெருக்கித் தருகிறோம். நெதர்லாந்தில் உளவியலாளர்கள் ஆட் டி யோங், ஆக்னஸ் வான் மின்னன் குழுவினர் உருவாக்கிய முறையில் மொத்தம் எட்டு நாள்: ஒரு வாரத்தில் நான்கு, அடுத்த வாரத்தில் நான்கு. காலையில் ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், அதாவது கண்ணை மூடிக்கொண்டு நடந்ததை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லி, நினைவு வெறும் நினைவுதான் என்று உடம்புக்குப் புரியவைப்பது. பிற்பகலில் இ.எம்.டி.ஆர்., அதாவது அதே காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, பக்கத்துக்குப் பக்கம் நகரும் விரலையோ விளக்கையோ கண்ணால் தொடர்வது. இதை உருவாக்கிய ஃபிரான்சின் ஷாபிரோ தன் முதல் ஆய்வை 1989இல் வெளியிட்டார். இது எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் வாக்குவாதம் உண்டு. மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது காட்சியின் கூர்மை மழுங்குகிறது என்ற விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். நடுவே உடற்பயிற்சியும் உண்டு, சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பதில்லை. அங்கே தெரபிஸ்டுகள் செஷனுக்குச் செஷன் மாறுகிறார்கள். முதலில் படித்தபோது இதென்ன, ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் எப்படித் தொடர்வது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, ஆள் மாறுவதால் தெரபிஸ்டின் தவிர்ப்புக்கும், எனக்கு வந்த அந்தச் சின்ன நிம்மதிக்கும் அங்கே இடமே வைக்கவில்லை.

பலன் உண்டா என்றால், அங்கே சிகிச்சை பெற்ற 347 பேரின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. நடுவில் விட்டுப் போனவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. என் செவ்வாய்க்கிழமைக்காரரை நினைத்துக்கொண்டுதான் அந்த எண்ணைப் படித்தேன். ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத கணக்கு. நேருக்கு நேர் ஒப்பிட்டது பிரிட்டனில் உளவியலாளர்கள் ஆங்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் குழுவின் 2014 ஆய்வு. 121 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஏழு நாள் தீவிர முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 73 சதவீதம் பேரும், அதே சிகிச்சையை மூன்று மாதம் வாரந்தோறும் பெற்றவர்களில் 77 சதவீதம் பேரும் மீண்டார்கள். பொதுவாக ஆதரவாகப் பேசும் ஆலோசனையில் 43, வெறுமனே காத்திருந்தவர்களில் 7. இதைச் சரியாகப் படிக்க வேண்டும். தீவிர முறை வார முறையைத் தோற்கடிக்கவில்லை, சமமாக வந்தது, சீக்கிரம் வந்தது. பெரிய வித்தியாசம் இருப்பது காயத்தைத் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்கும் சுற்றிச் சுற்றி ஆறுதல் சொல்வதற்கும் நடுவில்தான். உளவியலாளர் எட்னா ஃபோவாவின் குழு அமெரிக்கப் படைவீரர்களிடம் பத்து செஷன்களை இரண்டு வாரத்திலும் எட்டு வாரத்திலுமாகக் கொடுத்துப் பார்த்ததிலும் (2018) நெருக்கிக் கொடுத்ததன் பலன் குறைந்துபோகவில்லை. ஆனால் இரண்டிலுமே முன்னேற்றம் சுமார்தான். எல்லாருக்கும் எல்லாமும் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே "ஒரே வாரத்தில் மறக்கவைக்கிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நினைவை யாராலும் அழிக்க முடியாது, அழிப்பது எங்கள் நோக்கமும் இல்லை. என்ன முறை, அதில் உங்களுக்கு எங்கே பயிற்சி, இரவில் எனக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது, முடிந்த பிறகு எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள்.

சிலருக்கு இந்தத் தீவிர முறை இப்போதைக்குச் சரிவராது. அடிக்கிறவரோடு அதே வீட்டில் இன்னும் இருக்கிறவருக்கு முதல் தேவை பாதுகாப்பு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தீவிரமாக இருப்பவர், குடியில் மூழ்கியிருப்பவர், நிஜத்துக்கும் கற்பனைக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில் இருப்பவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்த மறுநாளே இதற்கு ஓடி வருவதும் தேவையில்லை. முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு; பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணியும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பி.டி.எஸ்.டி. என்றே சொல்கிறோம். அதற்குள் "எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாகும்" என்று வற்புறுத்துவது கெடுதலாகக்கூட முடியலாம். சிறுவயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமைகளுக்கு முதலில் பல மாதம் மனத்தை நிலைப்படுத்த வேண்டும் என்பார் ஒரு சாரார், அவ்வளவு காத்திருப்பதே பாதிக்கப்பட்டவரை உடையக்கூடியவராக நடத்துவதுதான் என்பார் இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்ந்தவள், ஆனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை நடக்கும் நாட்களில் அவர் மாலையில் அடித்துப் போட்டதுபோல வருவார், கனவு அதிகமாக வரும். "இன்னிக்கு என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள். தூங்கவிடுங்கள்.

அந்த விபத்துக்காரர் ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை விடுப்பு எடுத்துக்கொண்டு, தொடர்ந்து ஐந்து நாள், காலையில் ஒன்றரை மணி நேரம், பிற்பகலில் ஒன்றரை மணி நேரம். அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரே வாக்கியம்: "அவன் கூப்பிட்டான், நான் திரும்பிப் பார்க்கல." மூன்றாம் நாள் காலை அதே காட்சியை நான்காவது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி நொறுங்கியது, ஹார்ன் நிற்காமல் அடித்தது, பெட்ரோல் வாடை, கூப்பிட்ட குரல். அந்த இடத்தில் நிறுத்தினார். கை இடது தோளுக்குப் போனது. "பெல்ட்டு" என்றார். "பெல்ட்டு இறுக்கிப் பிடிச்சிருந்துது மேடம். நான் திரும்பத்தான் பார்த்தேன். முடியல." கொஞ்ச நேரம் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். எதேச்சையாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து எழுபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

இப்போது காரில் ஏறுகிறார், ஆனால் பின் இருக்கையில் மட்டும் இன்னும் உட்காருவதில்லை. அதற்காக அடுத்த மாதம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறேன்.